தழும்பு விடாத பிடி



கோடை முற்றிய நாளில் பேராவூரணிக் கடைத்தெருவில் நின்று ஒரு கோலி சோடா அருந்தி இளைப்பாறாதவர் நம்மில் வெகு சிலரே. கட்டைவிரலால் அழுத்தியதும் சீறிக்கொண்டு உள்ளே இறங்கும் அந்தக் கோலியைப் பார்த்து, “இது எப்படி உள்ளே போயிற்று?” என்று கேட்காத குழந்தையும் இராது. பெரியவர்கள் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவார்கள். விடை எளிதுதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் வடிவமைத்த புட்டி அது. முதலில் புட்டியின் உடலைச் செய்து, கோலியை உள்ளே இட்டு, அதன் பின்னரே கழுத்தை மீண்டும் நெருப்பில் காட்டி வாயைக் குறுக்கி முடிப்பார்கள். உள்ளே போன கோலி வெளியே வராததன் இரகசியம் இவ்வளவே.

இந்த விடையிலிருந்து வேறொரு வினா பிறக்கிறது. வாயை முடிக்கும்வரை அந்தப் புட்டியை எதைக் கொண்டு பிடித்திருப்பது? கண்ணாடி உருகும் உலையின் வெப்பம் ஆயிரம் பாகைக்கும் மேற்பட்டது. அதிலிருந்து எடுத்துக் குழலால் ஊதி உருவாக்கிய புட்டியைக் கையால் தொட இயலாது. ஊதுகுழலோ புட்டியின் கழுத்தோடு ஒட்டியிருக்கிறது. குழலை அகற்றினாலன்றி வாயைச் செப்பனிட முடியாது. அகற்றிவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அறுத்தவுடன் ஏந்திக்கொள்ள ஒரு கை வேண்டியிருப்பதுபோல, குழலினின்று பிரிந்த புட்டியை ஏந்தவும் ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது.

பல நூற்றாண்டுகளாகத் தொழிலாளர் கையாண்ட வழி ஒன்றுண்டு. ‘பான்டில்’ என்னும் நீண்ட இரும்புக்கோலின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சிறிது எடுத்து, அதைப் புட்டியின் அடிப்பாகத்தில் ஒட்டவைப்பார்கள். பின்பு கழுத்திலிருந்து ஊதுகுழலைத் தட்டி அகற்றி, கோலைப் பிடித்துச் சுழற்றியவாறே வாயை முடிப்பார்கள். வேலை முடிந்ததும் கோலையும் ஒரு தட்டுத் தட்டி முறித்தெடுப்பார்கள். ஒட்டிய இடம் முறியும்போது அடியில் கரடுமுரடான ஒரு வடு எஞ்சும். அது கையைக் கிழிக்கும், மேசையைக் கீறும். ஆதலால் அவ்வடு தரையில் படாதிருக்க, அடிப்பாகத்தை உட்புறமாகக் குழித்துவிடுவதும் உண்டு. பழம் பொருள்களைச் சேகரிப்போர் இன்றும் ஒரு புட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அந்த வடுவைத்தான். புட்டியின் வயதை அது சொல்லிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கொரு மாற்று வழக்கத்திற்கு வந்தது. அதை ‘ஸ்நாப்’ என்று அழைத்தார்கள். நம் கொல்லரும் பொற்கொல்லரும் வைத்திருக்கும் குறட்டிற்கு நெருங்கிய உறவுடைய இடுக்கி அது. நீண்ட இரும்புக் காம்பு ஒன்று. அதன் தலைப்பில் புட்டியின் உடலை அணைக்கும்படி வளைந்த கரங்கள். புட்டியின் அடி அமர்வதற்கு ஒரு சிறு தாங்கி. கரங்களை இறுக்கவும் தளர்த்தவும் காம்பின்மீது நகரும் ஒரு வளையம். வளையத்தை முன்னே தள்ளினால் கரங்கள் மூடிக்கொள்ளும்; பின்னே இழுத்தால் திறந்துகொள்ளும். கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டவைக்கும் தேவை நீங்கிற்று. முறிக்க வேண்டியதும் இல்லை, முறிந்த வடுவும் இல்லை. 1870-களுக்குள் சாதாரணப் புட்டிகளில் அந்த வடு அரிதாகிவிட்டது.

பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்விரு கருவிகளும் ஒரு பாடம் சொல்லுகின்றன. பழைய கோல், தான் பிடித்ததோடு ஒன்றாகிவிடுகிறது. ஆகவே விடவேண்டிய நேரத்தில் உடைத்துக்கொண்டுதான் விடுகிறது. புதிய இடுக்கியும் உறுதியாகவே பிடிக்கிறது. தளர்ந்த பிடியென்றால் புட்டி நழுவித் தரையில் நொறுங்கும். ஆனால் அது சுற்றி அணைத்துப் பிடிக்கிறது. தன்னை ஒட்டிக்கொள்ளும்படி கேட்பதில்லை. பணி முடிந்ததும் திறந்துகொள்கிறது. மகன் படிக்க வேண்டிய படிப்பையும் மகள் வாழவேண்டிய வாழ்வையும் தம் நிறைவேறாத ஆசையோடு ஒட்டவைத்துவிடும் பெற்றோர் உண்டு. “உன் போக்கில் போ” என்று பிடியையே விட்டுவிடும் பெற்றோரும் உண்டு. முன்னதில் வடு, பின்னதில் வீழ்ச்சி. உறுதியாய்ப் பிடித்தலும் உரிய காலத்தில் திறத்தலும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

உவமையை இத்துடன் நிறுத்தினால் இப்பக்கம் இனிதே முடிந்துவிடும். ஆனால் உண்மை அதற்கு இடந்தரவில்லை. புட்டிக்கு வடு நேராமல் காத்த அந்த இடுக்கியைப் பிடித்திருந்தது யாருடைய கை என்று நாம் இன்னும் கேட்கவில்லை.

அது பெரும்பாலும் ஒரு சிறுவனின் கை.

அக்காலத்து அமெரிக்கப் புட்டித் தொழிற்சாலைகளில் கைதேர்ந்த தொழிலாளர் சிலரும், அவர்களுக்குத் துணையாகச் சிறுவர் சிலரும் ஒரு குழுவாக வேலை செய்தனர். ஒரு சிறுவன் ஊதுபவரின் காலடியில் குந்தியமர்ந்து அச்சுப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். மற்றொருவன் சூடான புட்டியை இடுக்கியில் ஏற்றி, வாயை முடிப்பதற்காக மீண்டும் நெருப்பில் காட்டுவான். இன்னொருவன் முடிந்த புட்டிகளைச் சுமந்து, அவை மெல்ல மெல்ல ஆறவேண்டிய அடுப்பிற்கு ஓடுவான். திடீரெனக் குளிர்ந்தால் கண்ணாடி வெடித்துவிடும் என்பதால் அவ்வளவு கவனம். பகல் வேலையும் இரவு வேலையும் மாறி மாறி வரும். உலை அணையாத இடத்தில் உறக்கத்திற்கு ஏது நேரம்? புட்டி ஆறுவதற்குத் தனி அடுப்பு வைத்தவர்கள், பிள்ளை இளைப்பாறுவதற்கு ஒரு திண்ணை வைத்தார்களில்லை.

அந்நாட்டில் 1904-ஆம் ஆண்டு குழந்தை உழைப்பை எதிர்க்கும் தேசியக் குழு ஒன்று தோன்றியது. ஆசிரியராக இருந்து புகைப்படக் கலைஞரான லூயிஸ் ஹைன், அக்குழுவிற்காக 1908-ஆம் ஆண்டு இந்தியானா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குச் சென்றார். நள்ளிரவு வேலையில் நின்ற சிறுவர்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. முகத்தில் கரி, கண்களில் வயதுக்கு மீறிய களைப்பு. அப்படங்களைக் கண்டவர்கள், தங்கள் வீட்டு மேசைமேல் இருந்த புட்டியை அதன்பின் பழைய கண்ணோடு பார்த்திருக்க முடியாது.

அச்சிறுவர்களைப்போல் தொடங்கிய ஒருவரின் வரலாறும் இங்கே சொல்லத்தக்கது. மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1859-இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் வீலிங் நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் அடுப்பிற்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். புட்டியைத் திரும்பச் சூடாக்கும் அந்த அடுப்பின் வாயை, ‘மகிமைத் துளை’ என்று பொருள்படும் பெயரால் தொழிலாளர் அழைத்தனர். பிள்ளைகள் கருகி நின்ற இடத்திற்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்! அப்பிள்ளை வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புட்டிகளைத் தானாகவே செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அவ்வியந்திரம் பரவப் பரவ, இடுக்கி பிடிக்கவும் புட்டி சுமக்கவும் சிறுவர் தேவைப்படவில்லை. அது இலாபம் கருதிச் செய்யப்பட்டதே எனினும், சட்டங்கள் தயங்கிய இடத்தில் அது பல பிள்ளைகளை உலைமுகத்திலிருந்து விடுவித்தது.

ஆனால் இயந்திரம் வரும்வரை காத்திருக்கத் திருச்சபை சொல்லவில்லை. ஓவன்ஸின் இயந்திரத்திற்குச் சுமார் பத்தாண்டு முன்னரே, 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். உடலும் உள்ளமும் போதிய வளர்ச்சி பெறுமுன் குழந்தைகளைத் தொழிற்கூடங்களில் சேர்த்தலாகாது என்று அதில் அவர் வலியுறுத்தினார். 2025-ஆம் ஆண்டு தேர்வுபெற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, இப்பெயரைத் தாம் ஏற்றதற்கு அம்மடலை எழுதிய முன்னவரையே காரணமாகச் சுட்டினார்.

இவையெல்லாம் கடல்கடந்த கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டுப் பெண்களுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். கருவிலிருக்கும் சிசுவின் செவியில் இனிய ஓசை விழட்டுமென்று தாயின் இரு கைநிறையக் கண்ணாடி வளையல்களை அடுக்குகிறோம். இந்தியாவின் கண்ணாடி வளையல்களில் மிகப் பெரும்பகுதி உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத் நகரில் உருவாகிறது. அவ்வூரின் உலைகளிலும், வீட்டுத் திண்ணைகளில் விளக்குச் சுடரில் வளையல் முனைகளை இணைக்கும் வேலையிலும் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்ட செய்தி நாடறிந்தது. பிறவாத குழந்தைக்கு வாழ்த்தொலி எழுப்பிய வளையலைப் பிறந்த குழந்தையொன்று விரல் சுட்டுச் செய்திருக்கலாம் என்பது எவ்வளவு வேதனை! 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வகுத்த ஆபத்தான தொழில்களின் பட்டியலில் கண்ணாடித் தொழிலும் சேர்க்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் கூலிக்கு அமர்த்துதல் குற்றம். பதினெட்டு வயதுவரை ஆபத்தான தொழில்களுக்கும் தடை உண்டு.

நம் மண்ணுக்கே வருவோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலுக்கு முன் கரையேறிய கஜா புயலை நாம் யாரும் மறக்கவில்லை. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. அதற்கடுத்த வாரங்களில் வந்த ஒரு செய்தி, சாய்ந்த மரங்களைவிட நம்மைத் துயரப்படுத்தியிருக்க வேண்டும். குடிசையை இழந்து நின்ற டெல்டாக் குடும்பமொன்று, பெற்ற கடனுக்காகத் தன் சிறுவனை ஆடு மேய்க்க அடகாக அனுப்பியிருந்தது. அதிகாரிகள் அவனை மீட்டனர். அப்பெற்றோரைப் பழிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? கூரையில்லாதவன் கையில் எஞ்சியிருந்ததை அடகு வைத்தான். அவன் கடன் கேட்டு நின்ற நாளில் அண்டையில் இருந்த நாம் எங்கே இருந்தோம் என்பதே கேள்வி.

“பிள்ளைகள் வேலையே பழகக் கூடாதா சாமி? நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில் நம் ஆண்டவரும் வேலை செய்தாரே?” என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சூசையப்பர் தம் மகனுக்குத் தொழிலைக் கற்றுத்தந்தார்; மகனை விற்கவில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளை தந்தையோடு தோப்பில் தேங்காய் பொறுக்குவதும், தாய்க்கு உதவியாக மாட்டிற்கு வைக்கோல் இடுவதும் வளர்ப்பின் பகுதி. பள்ளியையே மறக்கச் செய்து, முன்பணத்திற்கு ஈடாக அப்பிள்ளையை அயலான் கையில் ஒப்படைப்பது வேறு. முன்னது இடுக்கியின் அணைப்பு. பின்னது முறித்தெடுக்கும் கோல்.

இன்னும் சிலர், “துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும், ஆண்டவரின் திருக்காயங்களும் மகிமை பெற்றனவே” என்பர். ஆண்டவர் தம் காயங்களைத் தாமே மனமுவந்து ஏற்றார். ஒரு பிள்ளையின்மேல் பிறர் சுமத்தும் காயத்திற்கு அவருடைய காயத்தின் பெயரைச் சூட்டுவது பக்தியாகாது. குழந்தையை அழைத்துச் சீடர் நடுவில் நிறுத்தியவர், சிறியவருள் ஒருவருக்கு இடறலாயிருப்பவனுக்கு எந்திரக்கல்லே மேல் என்று கடுஞ்சொல் சொன்னவர், நம் சாக்குப்போக்குகளை ஏற்கமாட்டார்.

ஆதலால் நம் அன்பியங்களுக்கும் வின்சென்ட் தே பால் சபையாருக்கும் சில வேண்டுகோள்கள். சூன் மாதம் பள்ளி திறந்த பின், நம் தெருவில் பள்ளிக்குத் திரும்பாத பிள்ளை யார் என்று கணக்கெடுங்கள். காரணம் சீருடையும் காலணியும் பேருந்துச் செலவுமானால், அது நம்மால் தீர்க்கக்கூடியதே. காரணம் கடனானால், அக்குடும்பம் பிள்ளையை அனுப்பும் நாள்வரை காத்திராமல், கடன் கேட்கும் நாளிலேயே துணை நில்லுங்கள். ஆட்டுக்கிடையிலோ, செங்கற்சூளையிலோ, உணவகத்திலோ ஒரு சிறுவனைக் கண்டால், “நமக்கேன் வம்பு” என்று கடந்து போகாதீர்கள். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். நம் தோப்பிலும் வீட்டிலும் வேலைக்கு நிற்பவர் வயதை நாமே கேட்டறிவது அதனினும் முந்திய கடமை.

இனி ஒரு கண்ணாடிப் புட்டியைக் கையில் எடுக்கும்போது அதன் அடியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மழமழவென்று வடுவின்றி இருக்கும். உயிரற்ற புட்டிக்கு வடு வராமலிருக்க மனிதன் அறிவைச் செலவிட்டு ஒரு கருவியைக் கண்டான். நம் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு வடு வராமலிருக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் இரு கைகள் போதும்.

கிறிஸ்துவில் அன்புடன்,
பங்குத்தந்தை, பேராவூரணி