எங்கிருந்து இறக்கினீர்கள்?



மார்கழி வரப்போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மைக்செட்காரர்களுக்கு இனி விடிகாலைத் தூக்கம் கிடையாது. முப்பது நாளும் திருப்பாவை ஒலித்தாக வேண்டும். பக்கத்திலுள்ள ராஜபாளையத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்கோ இது கொஞ்சம் மூச்சுவிடும் மாதம். முகூர்த்தம் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எடுத்துக் குவித்த கல்யாண வீடியோக்களை உட்கார்ந்து எடிட் செய்து முடிக்கலாம்.

இரண்டு ஊரிலும் இவர்களுடைய கம்ப்யூட்டரைத் திறந்தால் பெரும்பாலும் ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பு கண்ணில் படும். வி.எல்.சி. பிளேயர். எந்தக் கேமராவில் எடுத்த ஃபைலைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டும் என்பதால் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. ஆனால் அதை எங்கிருந்து இறக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சர்வீஸ் பண்ண வந்தவர் போட்டுக் கொடுத்தார்", "ஃப்ரெண்டோட பென் டிரைவ்ல இருந்துச்சு", "கூகுள்ல முதல்ல வந்ததை அமுக்கினேன்" என்றுதான் பதில் வரும். இந்த மாதம் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசலாம்.

செல்போனில் இந்தக் கவலை குறைவு. ப்ளே ஸ்டோர் என்ற ஒரே கடை. பொருளும் அங்கேதான், புதுப்பிப்பும் அங்கேதான். கம்ப்யூட்டரில், அதிலும் விண்டோஸில், வழக்கம் வேறு. செய்தவருடைய தளத்துக்கு நாமே போய், செட்அப் ஃபைலை நாமே இறக்கி, நாமே இன்ஸ்டால் செய்து, நாமே அப்டேட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வி.எல்.சி., ஆடாசிட்டி, ஓ.பி.எஸ்., ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இப்படிக் கைமாறி வளர்ந்தவைதாம். கடைக்காரர் இல்லாத சந்தை இது. சுதந்திரம் அதிகம். பொறுப்பு நம் தலையில்.

அந்தப் பொறுப்பின் கனத்தை நம் நாடு 2022இல் உணர்ந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், வி.எல்.சி.யைச் செய்யும் வீடியோலேன் அமைப்பின் தளம் இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. சிலருடைய திரையில், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உத்தரவுப்படி தடை செய்யப்பட்டது என்ற வாசகம் வந்தது. பொது அறிவிப்பு இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்குத் தகவல் இல்லை என்றே பதில் வந்தது. வீடியோலேனின் கணக்குப்படி உலகில் வி.எல்.சி. பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒருவர் இந்தியர். அத்தனை பேருக்கும் முன்வாசல் அடைபட்டது. கடைசியில் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு வீடியோலேன் அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பர் 14ஆம் தேதி தடை விலகியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆப் ஸ்டோர்களில் வி.எல்.சி. அப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது. செல்போன்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு வேலை நிற்க முடியுமா? கிடைத்த இடத்தில் எடுத்தார்கள். பெயர் தெரியாத டவுன்லோட் தளம், டெலிகிராம் குழு, பக்கத்துக் கடைக்காரரின் ஹார்டு டிஸ்க். பாதுகாப்புக்காகத்தான் முன்வாசலைப் பூட்டினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பூட்டியதால் மக்கள் போய்ச் சேர்ந்தது அதைவிடப் பாதுகாப்பில்லாத சந்துகளுக்கு.

சீன ஹேக்கர்கள் வி.எல்.சி.யைப் பயன்படுத்தினார்களாம், அதனால்தான் தடை என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 'சிகாடா' என்ற சீன ஹேக்கர் குழுவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆனால் அந்த அறிக்கை வந்தது 2022 ஏப்ரலில். தளம் முடங்கியதோ பிப்ரவரியில். தேதியே இடிக்கிறது. அறிக்கை சொன்ன சங்கதி மட்டும் நமக்கு முக்கியம். அந்தக் குழு வி.எல்.சி.யை உடைக்கவில்லை. அசல் வி.எல்.சி.க்குப் பக்கத்திலேயே ஒரு விஷ ஃபைலை வைத்து, வி.எல்.சி.யின் கையாலேயே அதை இயங்க வைத்தது. அதாவது, யாரோ அனுப்பிய ஜிப் ஃபைலுக்குள் இருக்கும் வி.எல்.சி. அசலாகவே இருக்கலாம், கூட இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. அதனால்தான் "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்பது சான்றாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் பெயரை எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் அட்டைப்பெட்டிமேல் பார்க்கலாம். உள்ளூர்க்காரர் பெயரைப் படிப்பதில்லை. பெட்டியைத் திருப்பி, செய்தவர் யார் என்று பார்ப்பார்.

வி.எல்.சி.யின் செட்அப் ஃபைலையும் அப்படித் திருப்பிப் பார்க்க முடியும். விண்டோஸில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியில் கையெழுத்திட்டவர் பெயராக வீடியோலேன் இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தாலோ, அந்தப் பகுதியே இல்லாவிட்டாலோ, ஃபைலை அழித்துவிடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அமுக்காதீர்கள். பிரபல மென்பொருள்களின் பெயரில் போலி விளம்பரம் கொடுத்து ஏமாற்றுவதைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே 2022 டிசம்பரில் எச்சரித்தது. வீடியோலேன் டாட் ஆர்க் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போவதுதான் நல்லது. வி.எல்.சி. முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் தளம் அவர்களுடையது அல்ல.

சரி, செய்தவருடைய சொந்த வீட்டுக்கே திருடன் வந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நம் ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக்கின் இரண்டு டவுன்லோட் சர்வர்களில் ஒன்றுக்குள் 2017 மே மாதம் யாரோ புகுந்தார்கள். மே 2 முதல் 6 வரை அங்கிருந்து மேக் கம்ப்யூட்டருக்கு இறக்கியவர்களுக்குக் கிடைத்தது உளவு மென்பொருள் கலந்த ஃபைல். அந்த நாட்களில் இறக்கியவருக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்போது அசலையும் போலியையும் பிரித்துக் காட்டியது செக்சம். ஒரு ஃபைலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற நீண்ட எண் அது. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை இந்த எண்ணைக் காட்டும். அதை, மென்பொருளைச் செய்தவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஃபைலை எடுத்த அதே சந்தேகத் தளத்திலிருந்து எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால், அது வேலிக்கு ஓணான் சாட்சி.

அடுத்தது அப்டேட். "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்" என்பது நம் ஆட்களின் வாதம். பாட்டுப் பெட்டியில் யார் வந்து என்ன திருடப் போகிறார்கள் என்றும் கேட்பார்கள். 2017 மே மாதம் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் காட்டியது இது: படத்தோடு நாம் இறக்கும் சப்டைட்டில் ஃபைலை வைத்தே கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடியும். வி.எல்.சி. உள்பட நான்கு பிளேயர்களில் அந்த ஓட்டை இருந்தது. உடனே அடைக்கவும் பட்டது. 2019 ஜூனில் வந்த வி.எல்.சி. 3.0.7 பதிப்பில் 33 பாதுகாப்புக் குறைகள் ஒரேயடியாகத் திருத்தப்பட்டன. குறை கண்டுபிடிப்பவர்களுக்கு ஐரோப்பிய யூனியன் பணம் கொடுத்து ஊக்குவித்ததன் பலன் அது. ஆனால் இந்தத் திருத்தமெல்லாம் அப்டேட் செய்தவர்களுக்குத்தான். வேலையும் சின்னது: 'ஹெல்ப்' மெனுவில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதை அமுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் விங்கெட் என்ற கட்டளையால் பல மென்பொருள்களை ஒரே மூச்சில் புதுப்பிக்கலாம்.

2011இலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு ஏறாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். வி.எல்.சி.யின் 3.0 வரிசை விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் ஓடும். ஆனால் பிளேயரைப் புதுப்பிப்பதோடு எல்லாம் முடிந்துவிடாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரியில் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரைப் பாட்டு போட மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையை வேறு கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது. லினக்ஸுக்கு மாறினால் அதன் மென்பொருள் களஞ்சியமே கையெழுத்தைச் சரிபார்த்துப் புதுப்பித்தும் கொடுத்துவிடும்.

இத்தனை தொந்தரவுக்கு ஸ்டோர் ஒன்றே போதாதா என்று சிலருக்குத் தோன்றும். போதும் என்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் 1996இல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தங்கள் நெட்வொர்க்கில் வீடியோ பார்க்கத் தொடங்கிய ஒரு வேலை, வி.எல்.சி.யாக வளர்ந்து, 2001இல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளிவந்து, விளம்பரமே இல்லாமல் 600 கோடி டவுன்லோடைத் தாண்டியிருக்கிறது. எந்தக் கடைக்காரரின் அனுமதிக்கும் காத்திராமல் அது நம் ஊர்வரை வந்தது இந்தத் திறந்த சந்தை வழியாகத்தான். சந்தை வேண்டும் என்றால் பார்த்து வாங்கும் பழக்கமும் வேண்டும். 2022இல் அடைபட்ட வாசல் எப்போதோ திறந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பிடித்துக்கொண்ட சந்து வழியை நாம்தான் விடவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்ப்யூட்டரிலுள்ள பழைய செட்அப் ஃபைல்களை அழித்துவிட்டு, செய்தவர் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். தெருவிலுள்ள மைக்செட்காரருக்கும் ஸ்டூடியோ தம்பிக்கும் காட்டிக்கொடுங்கள். செய்யும்போது எங்கே சிக்கியது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் படிப்படியாக விளக்கம் தருகிறோம். தம் கடையில் பென் டிரைவில் மென்பொருள் போட்டுக் கொடுக்கும் சர்வீஸ் நண்பர்களும் எழுதலாம். அவர்கள் ஒருவர் மாறினால் ஒரு தெருவே மாறும்.

அன்புடன்,
ஆசிரியர்