தேவாங்கும் எங்க வீட்டு கேமராவும்

ஒல்லியா இருக்குறவனை 'தேவாங்கு மாதிரி இருக்கான்'னு சொல்லுவோம்ல? என்னையும் சொல்லியிருக்காங்க :-) அந்தத் தேவாங்குக்காகவே 2022-ல திண்டுக்கல், கரூர் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர் காட்டை கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்க. நாட்டுலயே அதுக்குன்னு வந்த முதல் சரணாலயம்.

லீவுக்கு ஊருக்கு வந்தா அப்பா, தங்கச்சி, நான் மூணு பேரும் விடியக்காலைல சைக்கிள்ல கிளம்பிடுவோம். கேமரா ஒண்ணுதான், முறை வெச்சு எடுப்போம். இந்தத் தடவை எனக்கு ஒரு ஆசை. ராத்திரில அய்யலூர்ப் பக்கம் போய் தேவாங்கைப் படம் பிடிக்கணும்.

அப்பா கேட்டார்: "இருட்டுல இரை தேடுற கண்ணுல பளிச்சுனு ஃப்ளாஷ் அடிச்சா, அப்புறம் அது எப்படிடா பூச்சி பிடிக்கும்?"

பதில் இல்லை. பயிரைத் தின்னுற பூச்சியை அது தின்னுது. நமக்கு நல்லதுதான் செய்யுது. குடும்பமா காட்டை ரசிக்கணும்னா எதைப் படம் எடுக்கக் கூடாதுன்னும் தெரியணும்ங்கறது என் கட்சி. ஒரு படத்துக்கு நூறு லைக் வரலாம், அடுத்த வாரமே நூறு டார்ச்சும் காட்டுக்குள்ள வரும்.

மறுநாள் காலைல டீக்கடை வாசல்ல அப்பாவோட பழைய சைக்கிளைத்தான் எடுத்தேன். நல்லாவே வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?