பெர்லினில் மலிவு உணவு: யார் கணக்கில்?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா செல்லும் நண்பர்கள் பலர் பெட்டியில் முதலில் அடுக்குவது உடனடி நூடல்ஸ். வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்ற பயம். பெர்லினைப் பொறுத்தவரை அந்தப் பயம் பாதிதான் சரி. சுற்றுப்பயணிகள் மொய்க்கும் பிராண்டன்பர்க் வாயில் பக்கம் சாப்பிட உட்கார்ந்தால் பணப்பை இளைக்கும். ரயிலேறிக் கொஞ்சம் தள்ளிப் போனால் கதையே வேறு.

ஹெர்மன்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கினால் சோனன்அலே சாலை. பெயர்ப் பலகைகளில் எங்கும் அரபு எழுத்து. லெபனான், பாலஸ்தீன, சிரியா உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. சைவம் சாப்பிடுவோருக்கும் கவலையில்லை. கொண்டைக்கடலையை அரைத்து வடைபோலப் பொரித்த ஃபலாஃபலை ரொட்டியில் சுருட்டித் தருவார்கள். பெர்லினில் சூடானியர் நடத்தும் கடைகளில் அதன்மேல் வேர்க்கடலைக் குழம்பை ஊற்றுவார்கள். முதல் வாயிலேயே எனக்குச் சாத்தே நினைவு வந்துவிட்டது. டோனர் கெபாப்பைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

லிக்டன்பெர்க் வட்டாரத்தின் டோங் சுவான் சந்தை இன்னொரு உலகம். கிடங்கு போன்ற நீண்ட கூடங்களில் துணிமணி, பிளாஸ்டிக் பூக்கள், இடையிடையே ஆவி பறக்கும் ஃபோ நூடல்ஸ் கடைகள். வியட்னாமியர் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தது சமைப்பதற்காக அல்ல. 1980ல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆலைகளில் வேலை செய்ய ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தார்கள். 1989ல் பெர்லின் சுவர் விழுந்தபின் ஆலைகள் மூடப்பட, பிழைப்பு போனது. தங்கிவிட்டவர்களில் பலர் பூக்கடை, உணவுக்கடை என்று வழி தேடிக்கொண்டனர். துருக்கியரும் அப்படித்தான். 1961 உடன்பாட்டுக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கு வந்தவர்கள் அவர்கள்.

அதனால்தான் இந்தக் கடைகளை ‘மலிவு’ என்று பரிந்துரைக்கும்போது எனக்கு உறுத்துகிறது. 2024ல் டோனர் விலை ஏறியபோது, அரசாங்க மானியத்துடன் 4.90 யூரோ உச்சவரம்பு வேண்டும் என்று ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சி கேட்டது. மாணவர்கள் கைதட்டியதில் வியப்பில்லை. ஆனால் இத்தாலிய உணவகத்துப் பாஸ்தாவுக்கு யாரும் உச்சவரம்பு கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. இறைச்சி, மின்சாரம், வாடகை, ஊதியம் எல்லாம் ஏறலாம். குடியேறியவர் சமைத்த உணவின் விலை மட்டும் ஏறக்கூடாதா?

நாம் மட்டும் என்ன? குளிரூட்டிய கடையில் எட்டு வெள்ளிக்குக் காப்பி குடிக்கிறோம். உணவங்காடி நிலையத்தில் பரோட்டா இருபது காசு ஏறினால் முணுமுணுக்கிறோம்.

பெர்லினுக்குப் போனால் இந்தக் கடைகளில் தாராளமாகச் சாப்பிடுங்கள். கடைக்காரர் ஒரு யூரோ கூட்டியிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுங்கள், சிறிய கடைகள் பலவற்றில் அட்டை இன்னமும் செல்லாது.