திருப்பதியா, பழனியா?

ரேஷன் கடை வரிசையில்தான் முதல் தடவை கேட்டார்கள். "என்னம்மா, திருப்பதியா, பழனியா?"

அண்ணி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பழனி" என்றார். கேட்ட பாட்டியும் "முருகன் பார்த்துக்குவான்" என்று சொல்லிவிட்டுப் பையை நகர்த்திக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அண்ணி பழனிக்குப் போய் நான்கு வருஷம் இருக்கும். போன வருஷம் சித்திரைக் கடைசியில்தான் மார்பகப் புற்றுநோய்க்கான கடைசி கீமோ முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனேடி" என்றார். "இப்பப் போயிட்டு வந்துட்டா பொய் இல்லைல்ல?" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதமே போய் வந்தும்விட்டார்.

மதுரை மாதிரி ஊரில் இது ஒரு வசதிதான், தோழிகளே. பெண்கள் மொட்டை போடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர் நம் தலையைப் பார்த்துக் கும்பிடாத குறையாக இடம் விடுவார். ஆனால் மொட்டைக்கு இருக்கிற மரியாதை, அது வளர ஆரம்பித்ததும் போய்விடும். மொட்டையும் இல்லை, கிராப்பும் இல்லை, பின்னலுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிற அந்த இடைக்காலம் இருக்கிறதே, அதற்கு நம் ஊரில் ஒரு பேர்கூடக் கிடையாது. வேண்டுதலுக்கு முடி கொடுத்தவர்கள், ஆசைப்பட்டு பாப் வெட்டிப் பிறகு வருந்துகிறவர்கள், சிகிச்சையில் முடி போனவர்கள் எல்லாருக்கும் பொதுவான காலம் இது. நான் அண்ணியோடு கூடவே இருந்து பார்த்ததால், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். எந்த எண்ணெய் தேய்த்தாலும் அதுதான் கணக்கு. கீமோ முடிந்த சில வாரங்களில் குழந்தைத் தலை மாதிரி பஞ்சாக முளைக்கும். முடி என்று சொல்லும்படி வர இரண்டு மூன்று மாதம் ஆகும். 'இன்னொரு தடவை மழித்தால் அடர்த்தியாக வரும்' என்று எதிர்வீட்டு மாமியிலிருந்து எல்லாரும் சொன்னார்கள். வராது. மழித்த நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அங்கே போவதில்லை.

எங்களுக்கு அந்தக் கணக்கில்தான் கவலை. மகள் கல்யாணம் தை மாதக் கடைசியில். விரல் விட்டு எண்ணினால் மூன்று, மூன்றரை அங்குலம் தேறும். பெண்ணின் அம்மா, பட்டுப்புடவை கட்டி, மணவறைக்குப் பக்கத்தில் மூன்றரை அங்குல முடியோடு.

ஆவணியில் ஓர் அங்குலம் இருந்தது. அந்த நிலையில் செய்ய ஒன்றுமில்லை, செய்யவும் கூடாது. மென்மையான ஷாம்பு, தலையில் வெயில் படாமல் ஒரு காட்டன் துணி, ராத்திரிக்கு வழுவழுப்பான சாட்டின் தலையணை உறை. அண்ணி விக் ஒன்றும் வாங்கியிருந்தார். மதுரை வெயிலில் அதை வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்க முடியுமா? இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம். அதற்கப்புறம் அது பீரோவுக்குள் போய்விட்டது.

வெங்காயச் சாறு வேண்டாம் என்று நான்தான் சண்டை போட்டேன். சிகிச்சை முடிந்த தலைத்தோல் எரிச்சலுக்கு ரொம்பச் சுலபமாக இடம் கொடுக்கும். பயோட்டின் மாத்திரையும் அப்படித்தான். பக்கத்துக் கடையில் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டிவிடும். அடிக்கடி ரத்தம் கொடுக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று யோசியுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகியும் முடி முளைக்கவில்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் முடி மெலிவது உண்டு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தீபாவளிக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. அப்போதுதான் தெரிந்தது, அது சுருட்டை முடி. அண்ணிக்கு அதற்கு முன்னால் கோடு போட்ட மாதிரி நேர் முடி. கீமோவுக்குப் பிறகு இப்படிச் சுருண்டு வருவது நிறையப் பேருக்கு நடக்கிறதாம். பலருக்கு ஒரு வருஷத்திலோ கொஞ்சம் கூடுதலாகவோ பழையபடி நேராகிவிடும். நிறம் தரும் செல்கள் மெதுவாகத்தான் வேலைக்குத் திரும்பும் என்பதால், முதலில் நரையாகவும் வரும். அண்ணிக்கு 52 வயது. பதினைந்து வருஷமாக டை அடித்தவர். இப்போது காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வெள்ளிக் கம்பிச் சுருள்.

"நரையும் அழகாத்தான் இருக்கு அண்ணி" என்றேன்.

"உன் தலை கறுப்பா இருக்கறப்ப நீ சொல்லலாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் தலை கறுப்பு டப்பாவிலிருந்து வருவது அவருக்கும் தெரியும்.

இந்த இரண்டு அங்குலக் கட்டம்தான் எல்லாருக்கும் மோசமானது. மேலே குட்டையாகவும், பக்கவாட்டில் காதுக்கு மேல் இறக்கை மாதிரியும், பின்கழுத்தில் மட்டும் வால் மாதிரியும் நிற்கும். எல்லா இடத்திலும் முடி ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. ஆனால் பின்கழுத்து முடி காலர் வரை வந்துவிடுகிறபோது, உச்சி முடி நெற்றியைக்கூடத் தொட்டிருக்காது. அதனால்தான் அந்த வாத்து வால். இதற்கு ஒரே வழி, பின்கழுத்தை மட்டும் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒட்ட வெட்டுவது. உச்சியைத் தொடவே கூடாது. மேல்முடி கீழ்முடியை எட்டிப் பிடிக்கிற வரைக்கும் இதுதான்.

சொல்வது சுலபம். அண்ணியைப் பார்லருக்குக் கூட்டிப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. "தவம் இருந்து வந்த முடி. ஒண்ணுகூட வெட்ட விடமாட்டேன்" என்று பிடிவாதம். கடைசியில் மகள்தான், "அம்மா, போட்டோவுல பின்னாடி சேவல் வால் மாதிரி தெரியும்மா, பரவாயில்லையா?" என்று கேட்டுக் கிளப்பினாள்.

பார்லர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. கத்தரியை எடுத்துவைத்துவிட்டுச் சீப்பால் முதலில் பின்கழுத்து முடியைத் தூக்கி, "இந்த அளவுதான்க்கா, அரை அங்குலம். வெட்டவா?" என்று கண்ணாடியில் காட்டிக் கேட்டாள். அண்ணி தலையாட்டினார். நாலே நாலு வெட்டு. துணியை உதறியபோது தரையில் ஒரு கைப்பிடிகூட இல்லாத சுருள் விழுந்தது. அண்ணி குனிந்து பார்த்து, "இவ்வளவு இருந்துச்சா எனக்கு?" என்றார். அந்தப் பெண் துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே கற்றுக்கொண்டவை சில. வகிடு நடுவில் எடுத்தால் குட்டை முடி இரண்டு பக்கமும் கூரை போட்ட மாதிரி விழும். ஒரு பக்கம் தள்ளி எடுத்தால் மேலே கொஞ்சம் அடர்த்தி தெரியும். கறுப்பு ஹேர்பின்னில் நெளிவு இருக்கிற பக்கம் தலையை ஒட்டி இருக்க வேண்டும். நாற்பது வருஷமாக நான் தலைகீழாகக் குத்தியிருக்கிறேன்! ஒரு பின் வழுக்கினால் இரண்டைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே குத்தினால் நிற்கும். காதுக்கு மேல் நிற்கிற இறக்கையைச் சின்னப் பிள்ளைகளின் டிக்டாக் கிளிப் அடக்கிவிடும்.

முடி படிய ஆளி விதை ஜெல். இரண்டு டேபிள்ஸ்பூன் விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் இறக்கிச் சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறவிட்டால் வடியவே வடியாது. நான் ஒரு பாத்திரத்தைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரத்தலையில் கொஞ்சமாகத் தடவி, விரலால் சுருளைச் சுருட்டிவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும்.

மார்கழியில் டை பிரச்சினை வந்தது. கீமோ முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் அடிக்கலாம் என்றார், ஆனால் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். இரண்டாம் நாள் காலையில் அந்த இடம் சிவந்து அரிப்பு. பதினைந்து வருஷம் ஒத்துக்கொண்ட அதே டை! மருதாணி வைக்கலாம் என்றால் வெள்ளை முடியில் அது ஆரஞ்சாகப் பிடிக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் பெரும்பாலும் டையில் இருக்கிற அதே ரசாயனம்தான். அண்ணி அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. நரையை ஏற்றுக்கொண்டார், அது இதென்று நான் எழுதப்போவதில்லை. வேறு வழியில்லை, விட்டார்.

அடுத்தது சவுரி. எங்கள் அம்மா காலத்துச் சவுரி ஒன்று பத்திரமாக இருந்தது. ஆனால் சவுரியைக் கட்ட ஒரு சின்னக் குடுமி வேண்டும். மூன்றரை அங்குலம், அதுவும் சுருண்டு இரண்டு அங்குலமாக நிற்கிற முடியில் எதைப் போய்க் கட்டுவது? கிளிப் வைத்து மாட்டுகிற செயற்கை முடியும் கனம் தாங்காமல் புது முடியை வேரோடு இழுக்கும். "போட்டோ காலத்துக்கும் நிக்கும், அந்த விக்கை வச்சுக்கக் கூடாதா?" என்று சொந்தத்தில் இரண்டு பேர் போன் போட்டே சொன்னார்கள். சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரியும். அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

விக்கா, வேண்டாமா என்று முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி வரை அண்ணி முடிவு சொல்லவில்லை. பூ வைக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. அதற்கு மட்டும் நான் ஒரு வழி செய்திருந்தேன். துணி சுற்றிய மெல்லிய கறுப்பு ஹேர்பேண்ட் ஒன்றில், நெருக்கிக் கட்டிய பூச்சரத்தைக் கறுப்பு நூலால் தைத்தேன். தை மாதத்தில் மதுரையிலேயே மல்லிகை விலை கேட்டால் மயக்கம் வரும். பிச்சியும் கனகாம்பரமும் கலந்து ஒரு முழம். முன்பக்கம் வைத்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆகவே பேண்டைப் பின்பக்கமாகத் திருப்பி, பின்னந்தலையை ஒட்டி, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை வளைத்து, இரண்டு பக்கமும் குறுக்குப் பின். முன்னால் சுருள் முடி, பின்னால் அரைவட்டமாகப் பூ.

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "விக்கை எடுத்து உள்ள வை" என்றார்.

மண்டபத்தில் நிறையப் பேர் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியம்மா ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டார். "பழனிங்களா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி, "இல்லைங்க. கேன்சர் வந்து கீமோ போட்டேன். இப்ப நல்லாருக்கேன். ரசம் ஊத்திக்கிறீங்களா?" என்றார்.

பெரியம்மா ரசம் வேண்டாம் என்றார். கை கழுவுகிற இடத்துக்கு அண்ணியின் பின்னாலேயே போனார். அங்கே, தனக்கும் இடது பக்கம் ஒரு கட்டி மாதிரி இருப்பதாகவும், நாலு மாதமாகிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கல்யாண அலுப்புத் தீருவதற்குள் அண்ணி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மேமோகிராம், ஊசிப் பரிசோதனை எல்லாம் ஆனது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் தினமும் ராத்திரி இருவரும் போனில் பேசினார்களாம்.

இப்போது ஆவணி. அண்ணியின் முடி கழுத்தைத் தாண்டிவிட்டது. வேர்ப்பக்கம் மறுபடி நேராக வருகிறது, நுனியில் மட்டும் சுருள். போன வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன்.

"ரப்பர் பேண்ட் நாலு சுத்து சுத்தினேன்டி. விழல. எலி வால் மாதிரி இருக்கு, ஆனா நிக்குது. எங்க அந்தச் சவுரி, உன்கிட்டயா இருக்கு?"