மறுபடி மேலே ஏறினால் தோல்வியா?

விமானம் ஓட்டப் பழகும் என் தங்கை பேத்தி, பக்கக்காற்று பலமாக இருந்ததால் நேற்று இரண்டு முறை தரையிறங்காமல் மேலே ஏறிவிட்டாளாம். சொந்தக்காரர்கள் சிலர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேலி செய்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தம்தான்.

எதிர்க்காற்று நல்லது. 65 நாட் வேகத்தில் வரும் செஸ்னா 172, 15 நாட் எதிர்க்காற்றில் தரைக்கு மேல் 50 நாட்டில்தான் நகரும், சீக்கிரம் நின்றுவிடும். பக்கக்காற்று அப்படியல்ல. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியபடியே வந்து, சக்கரம் தொடும் முன் ரடரை மிதித்து ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும். அந்தப் பக்க இறக்கையையும் சற்றுத் தாழ்த்த வேண்டும். நேராகவில்லையா, மேலே ஏறுவதே சரி.

தப்பான கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டவனுக்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை, என் மாணவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது முறை நன்றாகவே இறக்கினாள். அதைக் குழுவில் யாரும் போடவில்லை.