முதியோருக்குத் திண்ணை மட்டுந்தானா?

கல்வி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் என்னும் நான்கு படிகளே. அப்படிகளில் ஏறியவராயினும் ஏறாதவராயினும், ஒருவர் அறுபது வயதை எட்டியதும் அவருக்கும் கல்விக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டதென்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. "இந்த வயதில் இனி என்ன படிப்பு?" என்று வீட்டார் கேட்கின்றனர். அதே கேள்வியை அரசாங்கம் வாய்திறந்து கேளாமல் தன் நடத்தையாற் கேட்கிறது. இக்கேள்வி அறியாமையின் கேள்வி மட்டுமன்று, அநீதியின் கேள்வியுமாகும் என்று நாம் கூறுகிறோம்.

யார் இந்த முதியோர்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதை அடைந்தோரை முதியோர் என்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அவ்வயதினர். ஆனால் தொகையைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய வரலாற்றை.

1965இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையான 1981இல் அவருக்கு வயது பதினாறு. 1983 ஆடியில் பதினெட்டு. வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சுடன் தென்மராட்சிக்குப் பெயர்ந்த 1995இல் முப்பது. 2025இல் அவர் அறுபதை எட்டிவிட்டார். அவருக்குப் பத்தாண்டு மூத்தவர், 1970களின் தரப்படுத்தலாற் பல்கலைக்கழக வாசலில் தடுக்கப்பட்டவர்களுடன் நின்றவர். மலையகத்திலோ தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்ததே 1970களிற்றான். அதற்கு முன் எழுத்தறியாமற் கூடை சுமந்து கொழுந்து பறிக்கச் சென்ற சிறுமிகளே இன்றைய மூதாட்டிகள். இவர்கள் படிக்க மறுத்தவர்களல்லர், படிக்க விடப்படாதவர்கள்.

பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்று 1945இல் இந்நாடு வாக்களித்தது. அவ்வாக்கு இத்தலைமுறையிற் பெரும்பாலோர்க்கு அரைகுறையாகவே நிறைவேறியது. ஆகவே முதியோருக்கு வகுப்புகள் வேண்டுமென்று நாம் கேட்பது தருமமாகாது. அது பழைய கடனை அறவிடுவதாகும். கடன்பட்டவன், கடன் கொடுத்தவன் கிழவனாகிவிட்டான் என்று சொல்லித் தப்ப முடியுமா?

அறியாமைக்குக் கொடுக்கும் விலை

இது ஓய்வுநேரப் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணுவோர்க்குச் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும்.

பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றித் தனக்கென ஆண்டவன் அதற்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வழிவிடுகிறது. போரினால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு இது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றஞ் செல்ல முடியாதிருந்தோருக்குப் பரிகாரமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளில், உறுதிப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துக் காத்திருந்த முதியோர் எத்தனை பேருக்கு அச்சட்டம் வந்த செய்தியாவது எட்டியது? சட்டம் இயற்றுவோர் கொழும்பில் இயற்றினர். அதை ஊரில் விளக்குவதற்கு ஒரு மாலை நேர வகுப்பு இருந்திருந்தால் எத்தனை வளவுகள் காப்பாற்றப்பட்டிருக்கும்!

தேசவழமையை எடுத்துக்கொள்வோம். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது நம்மவர் பலர் அறிந்ததே. கணவன் இருக்குமிடமே தெரியாதபோது அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? அதை அறியாத தாய்மார் தரகர்களின் சொல்லையே வேதவாக்காகக் கொள்ள நேரிடுகிறது.

கமக்காரரின் நிலை என்ன? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில், கூட்டெரு செய்வது எப்படி, எந்த மண்ணுக்கு எவ்வளவு இடுவது என்பனவற்றை முறையாகக் கற்பிக்காமலே, நாளைக் காலை முதல் இயற்கை விவசாயம் என்று கட்டளையிட்டார்கள். ஓலை தாழ்க்கவும், பட்டி அடைக்கவும், குழை வெட்டிப் பரப்பவும் தெரிந்த முதிய கமக்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். அவர்களை ஆசிரியராக்க வேண்டுமென்று ஆட்சியாளருக்குத் தோன்றவில்லை. இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். முதியோர் வகுப்பில் முதியோர் கேட்பவர் மட்டுமல்லர், கற்பிப்பவருமாவர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையினுள் தேங்கும் மழைநீரையே குடித்து வாழ்கிறது. தோட்டத்திற் போடும் மிகையான பசளையும் மலகூடக் குழியின் கழிவும் அதே நீரில் நைத்திரேற்றாய்ச் சேர்கின்றன. துலா மிதித்த காலத்தையும் நீர்ப்பம்பி வந்த காலத்தையும் ஒருங்கே கண்டவர்களிடம் இந்த விஞ்ஞானத்தை விளக்கினால், அவர்கள் விளங்கிக்கொள்வதோடு நில்லாமல் ஊரையே திருத்துவார்கள்.

இவற்றோடு, கைத்தொலைபேசியில் இலக்கத்தைக் கேட்டு வங்கிப் பணத்தைக் கவரும் வஞ்சகர், பிள்ளைகள் கடல் கடந்து போனபின் தனித்திருக்கும் முதியோரையே தேடுகின்றனர். தமிழ் அரசகரும மொழியாக 1987இல் அரசியலமைப்பில் ஏறியும், கச்சேரியிலிருந்து தனிச் சிங்களத்திற் கடிதம் வந்தால் தமிழிற் கேட்டுப் பெறும் உரிமை தமக்குண்டென்பதை அறியாது, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைகின்றனர். தோட்டத் தொழிலாளர் தம் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பப் பிறர் கையை எதிர்பார்க்கின்றனர்.

புதிய கொள்கையன்று

இது மேல்நாட்டு நாகரிகம் என்று முகஞ்சுளிப்போர் தம் ஊர்க் கோயிலை நினைத்துப் பார்க்கட்டும். புராண படனம் என்பது என்ன? ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத மூதாட்டியும் கந்தபுராணத்தை நெஞ்சில் ஏற்றினாளே, அது முதியோர் வகுப்பு இல்லாமல் வேறென்ன? 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, அவர் முன் இருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமா? வாசிகசாலை வாங்கில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பத்துப்பேர் கேட்டு விவாதித்த வழக்கத்தை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். நம்மிடம் இருந்த நல்வழக்கத்தைக் கைநழுவ விட்டுவிட்டு, அதை அந்நியம் என்பது வேடிக்கை.

பிறநாட்டார் இதனைச் செம்மையாகச் செய்கின்றனர். டென்மார்க்கில் குருண்ட்விக் என்னும் பெரியாரின் கொள்கையைப் பின்பற்றி, கமக்காரருக்கெனப் பரீட்சையில்லாத மக்கள் கல்லூரி 1844இலேயே தோன்றியது. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் மூன்றாம் பருவத்தினருக்கான பல்கலைக்கழகம் எழுந்தது. இங்கிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் அதே பெயரில் ஆரம்பித்த இயக்கத்திற்குச் சம்பளம் பெறும் பேராசிரியர் கிடையாது. சரித்திரம் அறிந்தவர் சரித்திரம் சொல்ல, தோட்டக்கலை அறிந்தவர் தோட்டக்கலை சொல்ல, அங்கத்தவர் ஒருவருக்கொருவர் கற்பிக்கின்றனர். அங்கு இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. சீனாவில் 1983இல் ஜினான் நகரில் முதியோர் பல்கலைக்கழகம் தோன்றியது. அத்தனை தூரம் போவானேன்? அண்டைக் கேரளத்தில் 2018இல் எழுத்தறிவுப் பரீட்சை எழுதிய கார்த்தியாயினி அம்மா தமது 96ஆம் வயதில் நூற்றுக்கு 98 புள்ளி பெற்றார்.

வயோதிபர் மனத்திற் பதியாது என்போருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா? மருத்துவமும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. மறதி நோய் பற்றி ஆராய்ந்த லான்செற் ஆணைக்குழு, தவிர்க்கவோ தாமதிக்கவோ கூடிய 14 காரணங்களை 2024இல் வெளியிட்டது. குறைந்த கல்வியும், தனிமையும், கவனியாது விட்ட செவிட்டுத்தன்மையும், பார்வைக் குறைவும் அவற்றுட் சேர்ந்தவை. வகுப்பு என்பது மனிதரை மனிதரோடு சேர்க்கிறது. அதன் அருமையைத் தனிவீட்டில் வீடியோ அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

நாம் கேட்பது

முதியோர் தினத்தன்று பொன்னாடை போர்த்துவதும், பிறகு ஓராண்டுக்கு அவர்களை மறந்திருப்பதும் கண்துடைப்பு. நாம் திட்டமான செயல்களைக் கேட்கிறோம்.

முதலாவது, கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு அறுபது கடந்தோரையும் தன் மாணவராக ஏற்க வேண்டும். கல்வி மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததைக் காட்டி மாகாண அதிகாரிகள் கைகட்டி இருத்தல் ஆகாது. பணமில்லை என்பார்கள். பாடசாலைக் கட்டடம் பிற்பகலில் வெறுமையாகக் கிடக்கிறது. கதிரையும் கரும்பலகையும் அங்கே இருக்கின்றன. வேண்டுவது ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சம் மனமுமே.

இரண்டாவது, சனசமூக நிலையங்கள் அரசாங்கத்தை எதிர்பாராமலே வாரத்துக்கு இரு நாள் வகுப்பு நடத்தலாம். இருட்டுமுன் வீடு திரும்பும்படி நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடிக்கட்டும். எழுத்துகள் பெரிதாகவும், குரல் உரத்தும், இருக்கை முதுகு சாய்வதாகவும் இருக்கட்டும். பரீட்சை வேண்டாம், புள்ளி வேண்டாம். பாடத்தைப் படிக்க வருவோரே தெரிவு செய்யட்டும். ஒரு வாரம் காணிச் சட்டம், மறுவாரம் நீரிழிவு, அதன்பின் வானியல், ஈழத்துச் சரித்திரம், கைத்தொலைபேசி, சிங்களம், சங்கீதம் எனப் பலதுறையும் வரட்டும்.

மூன்றாவது, படித்த உத்தியோகத்தர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சட்டத்தரணியாகவோ, வைத்தியராகவோ, பொறியியலாளராகவோ, ஆசிரியராகவோ ஆனது இலவசக் கல்வியினாலும், உங்களைப் படிக்கவைத்துத் தாம் படியாதிருந்தவர்களின் வியர்வையினாலுமே. மாதத்தில் ஒரு மணித்தியாலத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது உங்களுக்குப் பாரமாகுமா? ஓய்வுபெற்ற பின், வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்க மட்டும் போகாமல், பாடஞ் சொல்லவும் போங்கள்.

கமக்காரப் பெருமக்களுக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளையின் ரியூட்டரிக் கட்டணத்துக்கு நகையை ஈடுவைத்த நீங்கள், உங்களுக்கென ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்க வெட்கப்படாதீர்கள். தெரியாததைக் கேட்பது இழிவன்று. தெரிந்ததைச் சொல்லாமல் மண்ணோடு கொண்டுபோவதே நட்டம்.

தை அறுவடை முடிந்து மாசியில் வேலை சற்றே தணியும். அந்த மாசியிலேயே ஊருக்கொரு வகுப்பு தொடங்கட்டும். முதல் நாளில் ஐந்து பேர் வந்தாலும் போதும். அந்த ஐவருக்கும் நாடு பட்ட கடனில் முதற் தவணை அன்று செலுத்தப்பட்டதாகும்.