'சூடு... சூடு... வழி விடுங்க!': ஓட்டல் அடுப்படியில் 17 வயதுப் பையனுக்கு யார் பொறுப்பு?

ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பள்ளிகளுக்கு லீவு விடுகிறார்கள், கல்யாண சீசனும் களைகட்டுகிறது. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன், "சும்மாதானே இருக்கே, பரிமாற வர்றியா தம்பி?" என்ற ஒரே ஒரு போனில் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுகிறான். வேலை முடிந்ததும் கையில் ரொக்கம். அது காலேஜ் ஃபீஸுக்குப் போகலாம், புது போனுக்குப் போகலாம், வீட்டு வாடகைக்கும் போகலாம். அதில் எந்தத் தப்பும் இல்லை. முதல் நாளே அவன் கையில் எதைத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

2023 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தில் பரிமாறும் வேலைக்கு வந்த கல்லூரி மாணவர், கொதிக்கும் ரசம் இருந்த பாத்திரத்துக்குள் விழுந்து, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். இதுபோன்ற செய்திகளில் தவறாமல் வரும் வார்த்தை, 'கால் தவறி'. கால் எல்லோருக்கும்தான் தவறும். அப்படித் தவறினால் நேராக உள்ளே விழும் இடத்தில் கொதிக்கும் பாத்திரம் ஏன் இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் பெரிய திருத்தம் நடந்தது. 14 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை வேலைக்கு வைக்கவே கூடாது (குடும்பத் தொழிலில் உதவுவது, நடிப்பு போன்றவற்றுக்கு மட்டும் நிபந்தனையுடன் விலக்கு). 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அதாவது வளரிளம் பருவத்தினருக்கு, தடை இருப்பது அபாயகரமான தொழில்களில் மட்டும்தான்.

இந்த 'அபாயகரமான' என்ற வார்த்தையில்தான் சிக்கல். சட்டம் அதைச் சொன்னதும் முதலில் நிற்பவை சுரங்கம், வெடிமருந்து, எளிதில் தீப்பற்றும் பொருட்கள். முழுக்க முழுக்க தொழில் வாரியான பார்வை. ஆனால் ஒரே ஓட்டலுக்குள் இலை போடுவது, தண்ணீர் வைப்பது, பில் கொண்டுபோவது என்று ஆபத்தில்லாத வேலைகளும் இருக்கின்றன. பத்தடி தள்ளி வடைச்சட்டியும் கிரைண்டரும் இருக்கின்றன. 'ஓட்டல் வேலை' என்று ஒரே பெயர் வைத்து இரண்டையும் ஒரே பையன் தலையில் கட்டுவது சுலபம்.

அமெரிக்கா இதை வேறு மாதிரி அணுகுகிறது. அங்கே 16 வயதுப் பிள்ளை பர்கர் கடையில் வேலை பார்க்கலாம். ஆனால் 18 வயது ஆகும்வரை இறைச்சி வெட்டும் மின் இயந்திரத்தையும், பெரிய மாவு பிசையும் இயந்திரத்தையும் தொடக் கூடாது, கழுவுவதற்காகக் கூட. தடை தொழிலுக்கு இல்லை, இயந்திரத்துக்கு. அங்கேயும் விதிமீறல் நடக்கிறது, வழக்குகளும் வருகின்றன. ஆனாலும் 'இதை நீ தொடாதே' என்று சுவரில் எழுதி ஒட்ட ஒரு தெளிவான வரி அங்கே இருக்கிறது. நமக்குத் தேவையும் அதுதான்.

நேரத்துக்கும் நம் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். இரவு 9 மணிக்குப் புரோட்டாக் கடையில் மேசை துடைப்பவனுக்கு 17 வயது என்றால், அந்த நிமிடமே அது சட்டமீறல். முகூர்த்தத்துக்காக விடியற்காலை 4 மணிக்கு மண்டபத்தில் இட்லி இறக்குபவனும் அப்படித்தான்.

அடுப்படிக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பொரிக்கும் எண்ணெய் சுமார் 170 முதல் 190 டிகிரி வரை போகும். அதோடு எண்ணெய் தோலில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர்போல வழிந்து ஓடாது. அதனால் காயம் ஆழமாக இறங்கும். ஈரக் கரண்டியைச் சட்டியில் விட்டால் அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். புது ஆளுக்கு இது தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும், ஆனால் கூட்ட நேரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை.

கிரைண்டரும், தேங்காய் துருவும் மோட்டாரும் வேறு கதை. அவை ஓடும்போது கையை விட்டு மாவைத் தள்ளுவதும், சுவிட்சை அணைக்காமல் கழுவுவதும் பெரிய கடைகளில்கூட 'பழக்கம்'. பழகியவர் நூறு முறை தப்பியிருப்பார். அவரைப் பார்த்துச் செய்பவன் முதல் முறையிலேயே மாட்டலாம்.

தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர், சிந்திய எண்ணெய், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. இதோடு சாம்பார் வாளியையும் கையில் கொடுத்து, "ஓடு, ஓடு, மூணாவது வரிசை கேக்குது" என்று விரட்டினால் என்ன ஆகும்? 'சூடு, சூடு' என்று கத்திக்கொண்டே ஓடுவதுதான் பல மண்டபங்களில் இருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு.

உணவுப் பாதுகாப்புச் சோதனைக்குப் பயந்து பல கடைகளில் பையன்களுக்குத் தலைக்குத் தொப்பியும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையும் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தக் கையுறை பாதுகாப்பது உணவை, கையை அல்ல. சூடான சட்டியில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரின் வயிற்றுக்காகச் செலவழிக்கும் கடை, வேலை செய்பவனின் விரலுக்காகவும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

'பையன் கவனமா இருந்திருக்கணும்'

அடிபட்டதும் முதலில் வரும் வசனம் இது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆரம்ப நாட்களில்தான் அதிகம் காயப்படுகிறார்கள் என்பது எந்த நாட்டிலும், எந்தத் தொழிலிலும் தெரிந்த உண்மை. அதிலும் 16, 17 வயதில் "அண்ணே, எனக்கு இது தெரியாது" என்று சொல்லக் கூச்சம் வேறு. சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயமும் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து வந்த பையன் என்றால் மாஸ்டர் சொல்வது பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை 'புரிந்துகொண்டான்' என்று எடுத்துக்கொள்வது முதலாளியின் வசதி.

காயம் பட்ட பிறகு நடப்பது இன்னும் மோசம். வேலை நேரமே சட்டமீறல் என்றால், அடிபட்டவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முதலாளி தயங்குவார். அங்கே விபத்துப் பதிவேட்டில் ஏறும், போலீஸுக்குத் தகவல் போகும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட், கையில் கொஞ்சம் பணம், "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு". ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "கேட்டா வயசு 19னு சொல்லு". 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஓட்டல் இஎஸ்ஐ-க்குள் வர வேண்டும். சிகிச்சையும், காயத்துக்கான உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் தினக்கூலியாகக் கையில் காசு வாங்குபவனின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

அப்படியானால் 18 வயது வரை மொத்தமாகத் தடை போட்டுவிடலாமே என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் பணத்தேவை அப்படியே இருக்கும்போது, தடை அவனை வேலையிலிருந்து எடுக்காது, பின்பக்கத்துக்குத் தள்ளும். பின்பக்கம்தான் அடுப்பு இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவன் முன்பக்கம், வெளிச்சத்தில், பகலில், பதிவேட்டில் பெயரோடு வேலை பார்ப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. எண்ணெய்ச் சட்டி, கிரைண்டர், துருவும் மோட்டார், கேஸ் சிலிண்டர் மாற்றுவது, கொதிக்கும் அண்டாவைத் தூக்குவது: இந்த ஐந்தும் அவனுக்குக் கிடையாது என்று ஒரு அரசாணை போட பெரிய கமிட்டி எதுவும் தேவையில்லை. 2021-ல் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்த மாநிலம் இது. நாற்காலிக்கு முடிந்தது அடுப்புக்கும் முடியும்.

ஓட்டல்காரர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பிடிமானமுள்ள, காலை மூடும் ஷூ. வழியை விட்டுத் தள்ளி, தடுப்புக்குப் பின்னால் அடுப்பு. அண்டாவை நகர்த்த சக்கர வண்டி. முதல் வாரம் முழுக்க புது ஆளோடு ஒரு பழைய ஆள். ஒரு விபத்துக்கான ஆஸ்பத்திரி பில்லைவிட இதெல்லாம் மலிவு.

சுட்டுவிட்டால்: உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், கயிறு, வாட்ச்சைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை ஆபத்தான வேலையில் பார்த்தால் 1098.

அடுத்து உங்கள் வீட்டுக் கல்யாணம் வரும். மெனுவில் எத்தனை ஸ்வீட், பாதாம் அல்வாவா அசோகாவா என்று கேட்டரிங்காரரிடம் ஒரு மணி நேரம் பேசுவீர்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: பரிமாற வரும் பையன்களுக்கு என்ன வயது? அண்டாவை எங்கே வைப்பீர்கள்? அவர்கள் காலில் என்ன போட்டிருப்பார்கள்? பதில் திருப்தியாக இல்லை என்றால், அட்வான்ஸ் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.